கலேக்குச் சற்று முன்னால்

அன்புள்ள என் மகன் தம்பிக்கு,

“சம்மந்தி, உங்கட அவருக்கு எந்த நாளில பூசை ஒப்புக்கொடுக்கிறது?” என்று றெஜினாவின் அம்மா மாசி மாதத்தில் எங்கள் வீட்டு சோபாவில் இருந்து கேட்டது உனக்கு ஞாபகம் இருக்கும். உனக்குப் பெண் தரச் சம்மதித்து, மூன்று மாடி ஏறி அவர்கள் முதன்முதலாக வந்த நாள் அது. மன்னார்க்காரர், வேதக்காரர். கல்யாணத்துக்கு முன் இரண்டு பக்கத்திலும் இறந்துபோனவர்களுக்குப் பெயர் சொல்லிப் பூசை வைப்பது அவர்கள் வழக்கம். எங்களையும் தங்கள் வீட்டாராகச் சேர்த்துக்கொண்டதால்தான் அந்த மனுசி அப்படிக் கேட்டார். நான் பலகாரத் தட்டை நீட்டி, “ரோல்ஸ் ஆறமுன்னம் எடுங்கோ” என்றேன். அவர் விடவில்லை. “செத்த நாள் தெரிஞ்சால் ஃபாதரிட்ட இப்பவே சொல்லி வைக்கலாம். பேந்து மற்றாக்கள் அந்த நாளை எடுத்துப்போடுவினம்.” றெஜினாவின் அப்பா தொண்டையைக் கனைத்தார். “என்ன கனைக்கிறியள்? நல்ல விசயந்தானே கேக்கிறன்” என்று அவருக்கும் ஏச்சு விழுந்தது. நீ தண்ணீர் எடுக்கிறேன் என்று எழும்பிப் போனாய். சமையலறையில் குழாய் நெடுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தக் கேள்விக்கான பதிலைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நேரில் சொல்லத் தொடங்கினால் நீ “இட்ஸ் ஓகே அம்மா, விடுங்கோ” என்று என்னைக் காப்பாற்றிவிடுவாய். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் என் வகுப்பிலேயே இருந்து படித்தவன் நீ. எழுத்துக்கூட்டி வாசிக்க உனக்குக் கொஞ்ச நேரம் எடுக்கும். அதுவும் நல்லதுதான். ஆறுதலாக வாசி.

அப்பாவைப் பற்றி நான் உனக்குச் சொன்னது மிகவும் குறைவு. வடமராட்சிக் கரையில் பிறந்தவர். வள்ளங்களுக்கு இயந்திரம் திருத்துகிறவர். இரவில் வள்ளம் எடுத்து இந்தியாவுக்குப் போய் வருவது அவருடைய ஊர் இளந்தாரிகளுக்கு ஒரு காலத்தில் சந்தைக்குப் போய் வருவது போல. நாடு இருந்த நிலையில் உனக்கு நாலு வயது ஆகமுதல் அவரை வெளியே அனுப்ப வேண்டி வந்தது. ஏஜென்சிக்காரன் பிரான்ஸ் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு ஆள் மறைந்துவிட்டான். அங்கிருந்து லண்டனுக்குப் போய்விட்டால் பிறகு எங்களை எடுக்கலாம் என்பது அவருடைய கணக்கு. நீயும் நானும் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருந்தோம். கீழே ஒரு தொலைபேசிக் கடை. பிரான்சின் வடக்குக் கரையில் உள்ள கலேயிலிருந்து அவர் கடைசியாகப் போன் எடுத்தது அங்கேதான்.

“லொறி சரிவரேல்லையப்பா. ஏற ஏறப் பிடிக்கிறாங்கள். ஒரு வள்ளம் பாத்திருக்கிறம்.”

“கடலாலயோ? வேண்டாம், இஞ்சேருங்கோ.”

“எங்கட கடலிலும் சின்னன் இது. அக்கரை வெளிச்சம் வடிவாத் தெரியுது. நீர் பயப்பிடாதையும். போய்ச் சேந்த உடன கோல் எடுக்கிறன். பிள்ளையிட்ட ஒருக்காக் குடும்.”

ரிசீவரை உன் வாயருகில் பிடித்தேன். நீ ஒரு சொல்லும் சொல்லாமல் அதைக் கடித்தாய். “என்ன சத்தம் அது?” என்றார். “உங்கட மகன் போனைக் கடிக்கிறான்” என்றேன். சிரித்தார். அவ்வளவுதான், தம்பி. அதற்குப் பிறகு கோல் வரவில்லை. அவரோடு வள்ளத்தில் ஏற இருந்த மற்றவர்களின் வீடுகளுக்கும் வரவில்லை. மொன்ட்ரியாலில் இருந்த மாமா, பாரிசில் தெரிந்தவர்களையெல்லாம் கொண்டு விசாரித்தார். உடலும் கிடைக்கவில்லை, செய்தியும் கிடைக்கவில்லை. லண்டனில் ஒரு கோயில் திருவிழாவில் கண்டதாக ஒருவர் சொன்னார். நினைவு தப்பி ஏதோ ஆஸ்பத்திரியில் இருப்பதாக இன்னொருவர் சொன்னார். சாத்திரம் கேட்ட இடங்களிலெல்லாம் ஆள் உயிரோடு இருக்கிறார், மேற்குத் திசை என்றார்கள். இலங்கையில் இருந்து பார்த்தால் உலகத்தில் முக்கால்வாசி மேற்குத்தானே என்று பூமிசாத்திரம் படிப்பித்த எனக்குத் தெரியாதா? தெரிந்துகொண்டும் காணிக்கை வைத்துவிட்டு வந்தேன்.

மாமா எங்களை மொன்ட்ரியாலுக்கு எடுத்தபோது, அப்பாவுக்கு மனப்பாடமாக இருந்த வெளிநாட்டு நம்பர் மாமாவின் வீட்டு நம்பர் ஒன்றுதான். அதனால் மாமா டொரொன்டோவுக்குப் போகும்போது, என்றைக்காவது அப்பா எடுத்தால் நான் இருக்கவேண்டும் என்று அந்த அப்பார்ட்மென்டையும் அந்த நம்பரையும் நான் எடுத்துக்கொண்டேன். பகலில் கார்டறியில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்தேன். சனிக்கிழமைகளில் தமிழ் படிப்பித்தேன். நீ படித்து, வேலை எடுத்து, இல்-பிசாரில் வீடு வாங்கி, கீழ்த்தட்டில் எனக்கென்று ஒரு அறையும் செய்துவைத்து, “மொன்ட்ரியால்-நோர்ல என்ன இருக்கு, வாங்கோ அம்மா” என்று எத்தனை முறை கூப்பிட்டாய். முழங்கால் நோகும், பஸ் குறைவு, தமிழ்க்கடை இல்லை என்று ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்று சொன்னேன். மாடிப்படி ஏறி முழங்கால் நோகிறவள் படி ஏறத் தேவையில்லாத அறைக்கு வர மறுப்பதில் உள்ள முட்டாள்தனம் உனக்கு விளங்காமல் இருந்திருக்காது. நீ கேட்கவில்லை.

சித்திரை பிறந்த பிறகு ஒரு நாள் வந்து விமான டிக்கெட்டை நீட்டினாய். “ரிட்டயர் ஆனதுக்குக் கிஃப்ட். பிரான்சின்ர வடக்குக் கரை, அம்மா. பழைய டவுண், பீச், எல்லாம் கார்ல போறம். உங்களுக்குக் கடல் விருப்பந்தானே?” தொலைபேசியில் வரைபடத்தைக் காட்டினாய். உன் விரல் இடப்பக்கம் சென் மலோவில் தொடங்கி, கரையோடு கரையாக வலப்பக்கம் போனது. அந்தக் கோடு போய் முடியும் இடத்தில் கலே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். “குளிருமோ?” என்று கேட்டேன். “ஜக்கெற் எடுங்கோ” என்றாய்.

சென் மலோ நல்ல ஊர். கடலுக்கு நடுவே கருங்கல் மதில் கட்டி, அதற்குள் ஊர். எங்கள் சென் லோரன்ஸ் ஆற்றுக்குள் முதலில் கப்பல் விட்ட மாலுமி இங்கேயிருந்துதான் புறப்பட்டான் என்று நீ மதிலில் நடந்தபடி சொன்னாய். பேக்கரியில் நீ பிரெஞ்சில் கேட்க, அந்தப் பெட்டை ஆங்கிலத்தில் பதில் சொன்னாளே, அப்போது உன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். “கிண்டர்கார்டன்ல இருந்து பிரெஞ்சில படிச்சனான், இவள் எனக்கு இங்கிலீசில கதைக்கிறாள்!” “உன்ர பிரெஞ்சு இவைக்கு எங்கட யாழ்ப்பாணத் தமிழ் சென்னைக்காரருக்கு மாதிரி இருக்கும்” என்றேன். அன்று இருவரும் நன்றாகச் சிரித்தோம்.

அங்கே கடலின் வற்றுப்பெருக்கு பெரியது. எங்கள் கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் ஒரு முழம் வித்தியாசம் வராது. நான் புத்தகத்தைப் பார்த்துப் படிப்பிக்க, கரையில் வளர்ந்த பிள்ளைகள், “ரீச்சர் சும்மா சொல்லுறா” என்று சிரிப்பார்கள். சென் மலோவில் காலையில் கடல் கண்ணுக்கு எட்டாத தூரம் போயிருந்தது. மணலில் நடந்தே எதிரே இருந்த பாறைத்தீவுக்குப் போகலாம். நான் போனேன். திரும்ப மனம் வராமல் நின்றேன். “அம்மா! திரும்புங்கோ! தண்ணி வரப்போகுது!” என்று நீ கத்தினாய். மற்றச் சனங்கள் ஆறுதலாகத்தான் நடந்துகொண்டிருந்தார்கள், தண்ணீர் வர இன்னும் நேரம் இருந்தது. ஆனால் நீ ஓடி வந்தாய். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே கரைக்கு நடந்தாய். என் மகனுக்குக் கடலில் இவ்வளவு பயம் என்பதை அன்றுதான் கண்டேன்.

அடுத்த ஊர் ஒன்ஃப்லரில் துறைமுகத்தைச் சுற்றி ஒடுங்கிய உயரமான வீடுகள், முன்னால் படம் கீறுகிறவர்கள், பாய்மரங்கள். மரத்தாலான பழைய தேவாலயம் ஒன்றுக்குள் போனோம். கப்பல் கட்டுகிற தச்சர்கள் கட்டியது, அண்ணாந்து பாருங்கள் என்றாய். பார்த்தேன். கூரை முழுக்க இரண்டு பெரிய வள்ளங்களைக் கவிழ்த்து வைத்தது போல இருந்தது. எல்லோரும் வியந்து படம் எடுத்தார்கள். தலையிடிக்குது என்று சொல்லி நான் வெளியே வந்துவிட்டேன். தலையிடி இல்லை, தம்பி. நான் ஒரு கவிழ்ந்த வள்ளத்துக்குக் கீழே நின்றேன். நீயும் உடனே வந்து பக்கத்தில் நின்றாய். “பனடோல் இருக்கு, வேணுமோ?” என்றாய். அதை வாங்கி விழுங்கினேன்.

தியெப் என்ற ஊருக்குச் சற்று உள்ளே, போரில் இறந்த கனடியச் சிப்பாய்களின் மயானத்துக்கு நீ கூட்டிப்போனாய். வரிசை வரிசையாக வெள்ளைக் கற்கள், ஒவ்வொன்றிலும் மேப்பிள் இலை. வயதுகளை வாசித்தேன். எல்லாம் பத்தொன்பது, இருபது, ஊரில் என்னிடம் ஏ.எல். படித்த பிள்ளைகளின் வயது. சில கற்களில் பெயர் இல்லை. ஒரு கனடியச் சிப்பாய் என்று மட்டும் இருந்தது. ஆனால் இறந்த நாள் வெட்டியிருந்தது. பெயரே தெரியாத பிள்ளைக்கு நாள் தெரிந்திருக்கிறது என்று அந்தக் கல்லுக்கு முன்னால் நின்றுவிட்டேன். உன் அப்பாவுக்குப் பெயர் இருக்கிறது, பிறந்த ஊர் இருக்கிறது, மனைவியும் மகனும் இருக்கிறோம். ஒரு நாள் மட்டும் இல்லை.

அப்போதுதான் அந்தக் கிழவி வந்தார். எங்கள் மொன்ட்ரியாலுக்குக் கிட்ட, துறுவா-ரிவியேரிலிருந்து வந்தவர், நீ கதைத்த பிரெஞ்சைக் கேட்டுவிட்டு, “ஓ, நீங்கள் எங்கட ஊர் ஆக்கள்!” என்று பிரெஞ்சில் உன் கையைப் பிடித்தார். தன் மாமன் படுத்திருக்கும் கல்லைக் காட்டினார். தன் அம்மா சாகும்வரை வர ஆசைப்பட்டு வராமலே போனதாகச் சொன்னார். பிறகு வெகு சாதாரணமாக, “உங்களுக்கு இங்கே ஆர் இருக்கினம்?” என்று கேட்டார். அவ்வளவு பிரெஞ்சு எனக்கும் விளங்கும். நீ சொன்ன பதிலும் விளங்கியது. “மொன் பேர்.” என்ர அப்பா.

அந்தக் கிழவி உன் வயதைப் பார்த்தார், கற்களைப் பார்த்தார், பிறகு என் நெற்றிப் பொட்டைப் பார்த்தார். உன் கையை இன்னும் கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டுப் போனார்.

காரில் ஏறிய பிறகு நீதான் தொடங்கினாய். “பொய் சொல்லேல்லை அம்மா. இங்க எண்டு சொன்னது, இந்தக் கரையில எண்டு.”

“எப்ப இருந்து?”

“என்ன எப்ப இருந்து?”

“அப்பா இல்லை எண்டு எப்ப இருந்து உனக்கு?”

“ஹைஸ்கூல்ல. அந்தக் கடலைப் பற்றி இன்டர்நெற்றில வாசிச்சன். தண்ணி எவ்வளவு குளிர், எத்தினை கப்பல் போகுது எண்டெல்லாம். அண்டைக்குத் தெரிஞ்சிட்டுது.”

“எனக்கு ஏன்டா சொல்லேல்லை?”

“நீங்கள் ஒவ்வொரு நாளும் பொட்டு வைச்சுக்கொண்டு முன்னுக்கு நிண்டியள். நான் எப்பிடிச் சொல்லுறது?”

தம்பி, அந்தப் பதிலை நான் இன்னும் தூக்கிக்கொண்டு திரிகிறேன். உனக்கு ஒரு கதை சொல்கிறேன். ஊரில் என்னிடம் ஒரு அக்காவும் தங்கையும் படித்தார்கள், வேறு வேறு வகுப்பு. ஒரு நாள் அவர்களுடைய வீட்டில் ஷெல் விழுந்துவிட்டது. செய்தி பள்ளிக்கூடத்துக்கு வந்தது. அக்கா என்னிடம் வந்து, “ரீச்சர், தங்கச்சிக்குச் சொல்லிப்போடாதேங்கோ, அவள் தாங்கமாட்டாள்” என்றாள். சற்று நேரத்தில் தங்கை வந்து, “அக்காவுக்குத் தெரிய வேண்டாம் ரீச்சர்” என்றாள். மணி அடிக்கும்வரை இரண்டு பேரும் இரண்டு வகுப்பில் கண்ணைத் துடைத்துக்கொண்டு கணக்குச் செய்தார்கள். நான் அவர்களைக் கூப்பிட்டு ஒன்றாக இருத்தியிருக்கலாம் என்று பிறகு எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். நீயும் நானும் அதே வேலையைத்தான் ஒரே வீட்டுக்குள் செய்திருக்கிறோம். நான் உனக்காக அவரை உயிரோடு வைத்திருந்தேன். நீ எனக்காக அதை நம்புவதாக நடித்தாய். றெஜினாவோடு இப்படி வாழாதே. அவளை நோகச் செய்யக்கூடாது என்று எதையாவது மறைக்கத் தோன்றும்போது, அவளும் அதையேதான் மறைத்து வைத்திருக்கிறாளோ என்று யோசி.

மறுநாள் விசாண் கடற்கரை. கலேக்குச் சற்று முன்னால், இரண்டு முனைகளுக்கு நடுவே வளைந்து கிடக்கிற நீண்ட மணல். பிள்ளைகள் பட்டம் விட்டார்கள். நாய்கள் ஓடின. முகில் இல்லாத நாள். எதிரே, கடலுக்கு அப்பால், வெள்ளையாக ஒரு கோடு கிடந்தது. “அது என்ன, முகிலோ?” என்று கேட்டேன். “இங்கிலாந்து, அம்மா” என்றாய். நான் கரும்பலகையில் எத்தனை தடவை கீறிக் காட்டிய நீரிணை! அது இவ்வளவு சிறியது என்று நான் நினைக்கவில்லை. அவர் பொய் சொல்லவில்லை. எங்கள் கடலிலும் சின்னன்தான். அக்கரை வடிவாகத் தெரிகிறதுதான். இந்த இடத்தில் நின்ற ஒரு வள்ளக்காரனால் ஏறாமல் இருந்திருக்க முடியாது.

சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினேன். வைகாசி மாதம், நல்ல வெயில். ஆனாலும் கால் எலும்பு வரைக்கும் வலித்தது. எங்கள் கடலில் வள்ளம் கவிழ்ந்தால் பிடித்துக்கொண்டு விடியும்வரை கிடந்து வந்தவர்களை எனக்குத் தெரியும். அந்தக் கடலைத்தான் அவருக்கும் தெரியும். இந்தத் தண்ணீரில் எவ்வளவு நேரம் ஒருவர் பிடித்துக்கொண்டு கிடக்கலாம் என்பதை என் கால் எனக்குச் சொன்னது. இத்தனை வருடம் எந்தச் சாத்திரியும் சொல்லாதது. நான் அழத் தொடங்கியபோது நீ தடுக்கவில்லை. உன் ஜக்கெற்றை எனக்குப் போட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றாய். “கலேக்குப் போவமோ? கிட்டத்தான்” என்று பிறகு கேட்டாய். “வேண்டாம் ராசா. போய் ஆரைக் கேக்கிறது? இதுவும் அந்தக் கடல்தானே” என்றேன். மணலில் இருந்து அவரைப் பற்றி உனக்கு முதல்முறையாக நிறையச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “எனக்கு ஒண்டும் ஞாபகமில்லை அம்மா. ஞாபகமில்லாத ஆளுக்கு எப்பிடிக் கவலைப்படுறது?” என்று கேட்டாய்.

மொன்ட்ரியாலுக்குத் திரும்பி வந்த கிழமையே பஸ் ஏறி றெஜினாவின் வீட்டுக்குப் போனேன். உனக்குச் சொல்லாமல் போனேன், மன்னித்துக்கொள். “சம்மந்தி, பூசை ஆடி அமாவாசையில வையுங்கோ” என்றேன். போன நாள் தெரியாத தகப்பன்மாருக்கும் சேர்த்து எங்கள் ஆட்கள் விரதம் பிடிக்கிற நாள் அதுதான் என்று விளங்கப்படுத்தினேன்.

“அது எந்தத் திகதி?”

“வருசா வருசம் மாறும்.”

“ஐயோ, அப்ப ஃபாதரிட்ட நான் என்னெண்டு சொல்லுறது?” என்றவர், தானே யோசித்துவிட்டு, “அதுக்கென்ன, எங்கட ஈஸ்டரும் ஓடித்திரியிறதுதானே” என்றார். பிறகு மெதுவாக, “அப்ப பொட்டு?” என்று கேட்டார். இவ்வளவு காலமும் இந்தப் பதிலைச் சொல்ல நான் பயந்ததற்கு அதுவும் ஒரு காரணம், தம்பி. சொன்னால் உன் கல்யாணத்தில் நான் பின்வரிசைக்குப் போகவேண்டும். ஆலாத்தி எடுக்க வேறு யாரையோ கூப்பிடுவார்கள். “இது நான் பள்ளிக்கூடம் போற வயசில வைச்ச பொட்டு, சம்மந்தி. அவர் தந்தது தாலி மட்டுந்தான்” என்றேன். “அப்ப வைச்சுக்கொண்டு முன்னுக்கு நில்லுங்கோ. ஆரும் வாய் திறந்தால் நான் பாத்துக்கொள்ளுறன்” என்றார். நல்ல இடத்தில் பெண் எடுத்திருக்கிறாய். தாலியை என்ன செய்வது என்பது உன் அப்பாவுக்கும் எனக்கும் உள்ள கதை, அதை நீ யோசிக்க வேண்டாம். மாமாவுக்கும் போன் எடுத்து, கல்யாணக் கார்டில் அப்பாவின் பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று போடச் சொல்லிவிட்டேன். மாமா தொலைபேசியிலேயே அழுதார். அவரும் காத்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

இன்னும் ஒன்று. ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும், எங்களுக்குக் கீழே இரண்டாம் மாடியில் இருக்கிற அண்ணை தன் தகப்பனுக்கு விரதம் இருந்து படைக்கும் நாளில், நான் வேண்டுமென்றே மீன் வாங்கிப் பொரித்தேன். படிக்கட்டு முழுக்க மணக்கும். “தங்கச்சி, இண்டைக்குமோ?” என்று அவர் கேட்பார். “ஓம் அண்ணை, எங்கட வீட்டில ஆருக்கு விரதம்?” என்பேன். அந்த மீனை உனக்குத் தீத்தினேன். வளர்ந்த பிறகு நீயே எடுத்துச் சாப்பிட்டாய், என்ன நாள் என்று தெரிந்துகொண்டே. இந்த வருடம் மீன் வாங்கமாட்டேன். பூசணிக்காய், வாழைக்காய் சமைப்பேன். காத்தோட்டிக்காய் இங்கே கிடைக்காது, கைப்புக்குப் பாகற்காய் வைப்பேன். றெஜினாவையும் கூட்டிக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வா.

ஞாபகமில்லாத ஆளுக்கு எப்படிக் கவலைப்படுவது என்று விசாணில் கேட்டாய். அவர் முகமோ குரலோ உன்னிடம் இல்லை, அதை நான் எங்கிருந்தும் வாங்கித் தர முடியாது. ஆனால் பசிக்கு ஞாபகம் தேவையில்லை. வயிற்றில் பசி எழும்பும்போது, இது இன்னாருக்காக என்று நினைத்தால் போதும். தகப்பனைச் சரியாகக் காணாத எத்தனையோ பிள்ளைகள் எங்கள் ஊரில் அப்படித்தான் மகனாக இருந்திருக்கிறார்கள். ஆடி அமாவாசை அன்று நீ லொங்குய்யில் வேலைக்குப் போகவேண்டி இருந்தாலும் பரவாயில்லை, அரை நாள் லீவு எடு. காலையில் எழும்பி, குளித்து, என் மேசைக்கு வரும்வரை ஒன்றும் சாப்பிடாமல் இருந்து பார்.